இடைவெளியின் ஏழு நூல்கள்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் 73 நூல்கள். தென்னிந்தியத் திருச்சபையார் படிக்கும் வேதாகமத்தில் 66. பழைய, புதிய ஏற்பாடுகளுக்கு இடைப்பட்ட காலம் விளங்க, கூடுதலான அந்த ஏழு நூல்களையும் எல்லோருமே படிக்க வேண்டும். கி.மு. 164இல் யூதர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதை அவற்றுள் மக்கபேயர் நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்திலோ அதன் நினைவு விழா விளக்கமே இல்லாமல் வந்துபோகிறது. யூதர்களின் எபிரேயத் திருமறையிலேயே இவை இல்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாக்கடலோரம் கும்ரான் குகைச் சுருள்களில் அந்த ஏழில் ஒன்றான தோபித்து நூலின் துண்டுகள் அரமேயத்திலும் எபிரேயத்திலும் கிடைத்தன. இன்னொன்றான சீராக் நூலின் எபிரேயப் பிரதியொன்று மசாதாக் கோட்டையில் அகப்பட்டது. திருமறையாக ஏற்பது சபைகளின் முடிவு. அக்கால யூதர்கள் இவற்றைப் படித்தார்கள் என்பதோ வரலாறு. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அவை நல்ல தமிழிலேயே இருக்கின்றன.