வாகனப் பகுதி: ஐரோப்பியக் காருக்கு எந்த ஒயில்?

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அன்பர்கள் வாகனத் தரிப்பிடத்தில் நின்று கதைக்கும்போது அடிக்கடி எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. மகன் ஓடிய ஜேர்மன் கார் ஒன்றை வாங்கியிருப்பார். ஒயில் மாற்றும் நாள் வந்திருக்கும். "தம்பி, தடிப்பான ஒயிலாய்ப் பார்த்து விடு. அப்பதான் எஞ்சின் நிண்டு பிடிக்கும்" என்பார் தகப்பனார். "இல்லையப்பா, இஞ்ச எல்லாரும் தண்ணி மாதிரி ஒயில்தான் விடுகினம்" என்பார் மகன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பாதியை நம்பி ஒயில் விட்டால் செலவு முழுதாக வந்து சேரும்.

தகப்பனாரின் சொல் அனுபவத்தில் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகியவையும் ஐரோப்பியக் கார்களே. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிச் சனங்களைச் சுமந்தவையும் அவைதான். ஆனால் அங்கே இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த வெக்கைக்குத் தடித்த ஒயில் பொருந்தியது. ரொறன்ரோவின் கதை வேறு. இங்கு பதிவான மிகக் கடுங்குளிர் 1859ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி, பூச்சியத்துக்குக் கீழே 32.8 பாகை. அவ்வளவுக்கு இல்லாவிட்டாலும், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும் காலைகளை ஸ்காபரோவில் இருப்போர் நன்கு அறிவர்.

ஒயில் போத்தலில் உள்ள இரண்டு எண்களும் இந்த வேறுபாட்டையே சொல்கின்றன. 5டபிள்யூ-40 என்பதை எடுத்துக்கொள்வோம். 'டபிள்யூ' என்ற எழுத்து 'வின்ரர்', அதாவது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன் நிற்கும் எண் சிறிதாக இருக்க இருக்க, ஒயில் கடுங்குளிரிலும் இளகி ஓடும். எஸ்.ஏ.ஈ. என்னும் பொறியியலாளர் சங்கத்தின் விதிப்படி, எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவதற்கான சோதனை 20டபிள்யூ ஒயிலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் நடக்கும். 10டபிள்யூவுக்கு அது 25, 5டபிள்யூவுக்கு 30, 0டபிள்யூவுக்கு 35 பாகை. ஆகவே ஊரில் நற்பெயர் பெற்ற 20டபிள்யூ-50 ஒயில் ரொறன்ரோவின் ஜனவரிக் காலையில் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பற்றறி முனகும். எஞ்சின் தொடங்கினாலும் ஒயில் மேலே ஏறிச் சேருமுன் உலோகத்தோடு உலோகம் உராயும்.

இரண்டாவது எண் எஞ்சின் சூடான பின் உள்ள தடிப்பைக் காட்டும். 100 பாகையில் அளக்கும்போது 40 என்பது 30ஐ விடத் தடிப்பானது. இங்கு பலர் ஒரு தவறு செய்கின்றனர். 5டபிள்யூ-40 குளிரில் மெலிந்தும் சூட்டில் தடித்தும் இருக்கும் என்று எண்ணுகின்றனர். எந்த ஒயிலும் குளிரில் தடித்துச் சூட்டில் இளகும். நல்ல பல்தர ஒயிலில் அந்த மாற்றம் குறைவு, அவ்வளவே.

இதுவரை தகப்பனாரின் பாதி. இனி மகனின் பாதி. ரொறன்ரோவில் ஓடும் ஜப்பானியக் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 சரியான ஒயில். அதைக் கண்டு பழைய பி.எம்.டபிள்யூ.வுக்கும் அதையே விடலாமா? கூடாது. அதிவேக வீதிகளில் நெடுநேரம் ஓடவும், ஒரே ஒயிலில் அதிக தூரம் செல்லவும் வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள் அவை. 150 பாகைச் சூட்டில், வேகமாகச் சுழலும் பெயாரிங்குகளின் இடுக்கில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஐரோப்பிய உற்பத்தியாளர் சங்கத்தின் ஏ3/பி4, சி3 தரங்கள் அந்த அளவு குறைந்தது 3.5 ஆக இருக்கவேண்டும் என்கின்றன. சாதாரண 5டபிள்யூ-30 ஒயிலுக்கு 2.9 இருந்தாலே போதும். அதாவது முகப்பில் 5டபிள்யூ-30 என்றே எழுதிய இரண்டு போத்தல்கள் ஒன்றல்ல!

ஆகவே போத்தலின் முன்புறத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. பின்புறத்தைத் திருப்பி, கார் உற்பத்தியாளரின் அனுமதி எண்ணைத் தேடவேண்டும். பி.எம்.டபிள்யூ.வுக்கு லோங்லைஃப்-01, மேர்சிடிஸ் பென்ஸுக்கு 229.5, வொக்ஸ்வாகனுக்கு 502 00 அல்லது 504 00, போர்ஷேக்கு ஏ40 என்பன சில. எது உரியது என்பதைக் காரோடு வந்த கைநூல் சொல்லும். ஐரோப்பியக் கார் என்றால் எப்போதும் தடித்த ஒயில்தான் என்று முடிவு கட்டுவதும் பிழை. வொக்ஸ்வாகனின் புதிய எஞ்சின்கள் சில 508 00 அனுமதி பெற்ற 0டபிள்யூ-20 கேட்கின்றன. அதே ஒயில் அந்த நிறுவனத்தின் பழைய எஞ்சின்களுக்கு ஆகாது. வடிகட்டி பூட்டிய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் வேண்டும். இல்லையேல் விலை கூடிய வடிகட்டி அடைத்துவிடும்.

அங்கத்தவர்கள் நினைவில் வைக்கவேண்டியவை சில. 'அனுமதி பெற்றது' என்பது வேறு, 'ஏற்றது' என்பது வேறு. முதலாவது கார் உற்பத்தியாளர் சோதித்து ஒப்பியது; இரண்டாவது ஒயில் விற்பவரின் சொல். கராஜில் பெரிய பீப்பாயிலிருந்து ஒயில் விடுவதாயின், எது என்று முன்கூட்டியே கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்குவது நல்லது. உத்தரவாதக் காலத்தில் அந்தச் சீட்டே சாட்சி. குளிர்காலத்தில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காரில் ஒயில் முழுச் சூடு ஏறுவதில்லை. ஈரமும் எரியாத பெற்றோலும் அதில் தங்கும். அத்தகைய காருக்குக் கைநூல் காட்டும் உச்சத் தூரம் வரை காத்திராமல் முன்னரே ஒயில் மாற்றவேண்டும்.

தகப்பனார் சொன்னதன் சாரம் எஞ்சினுக்குக் காவல் வேண்டும் என்பது. மகன் சொன்னதன் சாரம் இந்த ஊர்க் குளிரை மறக்கக்கூடாது என்பது. அனுமதி எண் சரியாக உள்ள 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 ஒயில் பல கார்களில் இருவரையும் திருப்திப்படுத்தும். முதற்பனி விழுமுன் ஒரு மாலை இருவருமாகக் கைநூலைத் திறந்து அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டால், தரிப்பிடத்து வாக்குவாதமும் தீரும், எஞ்சினும் தப்பும்.