நிற்கவைத்தும் பிரஷர் பாருங்கள்

தலைசுற்றல் என்றாலே 'பிரஷர் ஏறிவிட்டது' என்று முடிவுகட்டிவிடுகிறோம். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. படுக்கையிலிருந்து எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால், அழுத்தம் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கோளாறுதான். நீர்ச்சத்துக் குறைவு, நாள்பட்ட சர்க்கரை நோய், ஏன், பிரஷர் மாத்திரையேகூடக் காரணமாகலாம். உட்காரவைத்து மட்டும் அளந்தால் இது பிடிபடாது.

கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேரமேது என்பார்கள். செவிலியரே செய்துவிடக்கூடிய சோதனை இது. முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படும் பாட்டுக்கு முன் அந்தச் சில நிமிடங்கள் பெரிதல்ல. எல்லாத் தலைசுற்றலும் அழுத்தத்தால் வருவதில்லை என்பதும் உண்மை. புரண்டு படுக்கும்போது அறையே சுழன்றால் காதைத்தான் சோதிக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிற்கவைத்தும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.