ஒரே பாட்டில் பணக்காரன்!



போன ஆண்டு விழாவில் நம்ம பசங்க போட்ட நாடகம் ஞாபகம் இருக்கிறதா? பத்து அடியாட்கள் வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, ஒவ்வொருத்தராக வந்து கதாநாயகனிடம் உதை வாங்கிப் போனார்களே! அரங்கமே அதிர்ந்தது. முடிந்ததும் ஒரு பெரியவர் சொன்னார்: "எல்லாத்தையும் கிண்டல் பண்ணீட்டே இருந்தா எப்பத்தான் உருப்படுவீங்க?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிண்டல் என்பது வேலை இல்லாதவன் செய்கிற வேலையா? இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

2010 ஜனவரியில் 'தமிழ்ப்படம்' வெளியானது. நாமெல்லாம் அப்போது அங்கன்வாடி வயசு. பின்னால் டி.வி.யில் போட்டபோதுதான் வீட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். இயக்குநர் சி.எஸ்.அமுதனுக்கு அது முதல் படம். கதாநாயகன் சிவா. அவருடைய 'இளவயது' நண்பர்களாக எம்.எஸ்.பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி! சாதாரண ஆளாகத் திரிந்த நாயகன் திடீரென்று ரகசியப் போலீஸ் என்று தெரிய வரும். ஊரையே ஆட்டிவைக்கும் மர்ம வில்லன் யாரென்று பார்த்தால், வளர்த்த பாட்டி பரவை முனியம்மா!

ரகசியப் போலீஸ் நமக்குப் புதுசா என்ன? பக்கத்துச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-லேயே 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பெயர் வாங்கினார் ஜெய்சங்கர். அப்படி வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியதால்தான் கிண்டல் நமக்குச் சட்டென்று புரிகிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1984-ல் 'டாப் சீக்ரெட்!' என்று ஒரு ஆங்கிலப் படம். கிழக்கு ஜெர்மனிக்குப் பாடப் போன ஒரு ராக் பாடகன் உளவு வேலையில் மாட்டிக் கொள்கிறான். உளவுப் படங்களுக்கும் பாட்டுப் படங்களுக்கும் ஒரே கல்லில் அடி! வால் கில்மருக்கு அது முதல் படம். பாட்டுகளையும் அவரே பாடினார். அதில் ஒரு புத்தகக் கடைக் காட்சி வரும். நடிகர்கள் மொத்தக் காட்சியையும் கடைசியிலிருந்து ஆரம்பம் வரை பின்பக்கமாகவே நடித்து, பிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். சிரிக்க வைக்க எத்தனை ஒத்திகை பார்த்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்!

நம்ம ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள்: கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் மாட்டத் தெரியும். கிண்டலும் அப்படித்தான். எந்தப் போல்ட்டில் படம் நிற்கிறது என்று தெரிந்தவன்தான் அதைக் கழற்றிக் காட்ட முடியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'தமிழ்ப்படம்' நாயகன் ஒரே பாட்டில் கோடீஸ்வரன் ஆவான். எங்கள் வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா 1992-ல் வந்த 'அண்ணாமலை'யை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. பால்காரர் பெரிய ஹோட்டல் முதலாளி ஆகிற கதை. பனியன் கம்பெனி டெய்லருக்கு அது வெறும் படமல்ல, நம்பிக்கை. நான் ஆறாவது படிக்கும்போது கடன் வாங்கி நாலு மிஷின் போட்டார். குன்னத்தூரிலேயே ஒரு சின்ன வாடகை ஷெட். ஜாப் ஒர்க் எடுத்தார். தைத்துக் கொடுத்த பீஸுக்குக் காசு மூணு மாசம் கழித்து வந்தது. சில சமயம் வரவே இல்லை. ஆனால் சனிக்கிழமை ஆனால் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டே வருஷம். மிஷின்களை விற்றார். இன்றைக்கு மறுபடியும் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். அம்மா செக்கிங் போகிறார். பாட்டு முடிந்துவிட்டது; கடன் முடியவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன், "ஏனுங்ப்பா, படம் புடிக்கலீங்களா?" அவர் சொன்னார்: "நல்லாத்தான்டா இருக்குது. இத மொதல்லயே எடுத்திருந்தா நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

தோழர்களே! அந்தப் படம் என் அப்பாவைக் கிண்டல் செய்யவில்லை. அவரை ஏமாற்றிய அந்த மூணு நிமிஷத்தைத்தான் கிண்டல் செய்தது. இந்த வித்தியாசம் முக்கியம்.

எல்லாக் கிண்டலும் நல்லது என்று நான் வாதாடவில்லை. ஒருத்தருடைய நிறத்தையும் உடம்பையும் கேலி செய்வது கிண்டல் அல்ல, கொடுமை. 2018-ல் வந்த 'தமிழ்ப்படம் 2' பல இடங்களில் 'இது எந்தப் படம் சொல்லு பார்ப்போம்' என்ற விடுகதையாகவே நின்றுவிட்டது என்பதும் என் கருத்து. காப்பி அடித்துக் காட்டினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பொய்யைக் காட்ட வேண்டும்.

அந்தப் பொய் இப்போது தியேட்டரை விட்டு நம் கைக்கே வந்துவிட்டது. போனைத் திறந்தால், 'ஒரே மாசத்தில் லட்சாதிபதி', 'வீட்டிலிருந்தே தினம் பத்தாயிரம்'. பீஸ் கட்ட வைத்திருந்த பணத்தை அதில் போட்டுவிட்டு முழிக்கிறவர்கள் நமக்குள்ளேயே உண்டு. சிரிக்கக் கற்றவன் இதைப் பார்த்ததும், "அட, இது ஒரே பாட்டுப் பணக்காரன்டா!" என்று தாண்டிப் போவான்.

பெரியவருக்கு என் பதில் இதுதான்: ஐயா, உருப்படத்தான் கிண்டல் செய்கிறோம். மூணு வருஷம், ஆறு செமஸ்டர், எழுதித் தீர்க்க வேண்டிய அரியர்... எங்கள் படம் நீளமானது. அதை ஒரே பாட்டில் ஓட்ட முடியாது என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு விழாவிலும் நாடகம் உண்டு. கட்டாயம் வாங்க, சேர்ந்து சிரிப்போம்!