சைக்கிளில் பூட்டும் சிறு எஞ்சின்

கண்டமங்கலம் வட்டாரத்தில், விழுப்புரம்–புதுச்சேரி சாலைக்கு இருபுறமுமுள்ள கிராமங்களில் சுற்றுப்பிரயாணம் செய்யும்பொழுது, பழைய சைக்கிளில் சிறு எஞ்சினைப் பூட்டி ஓட்டும் வாலிபர்களை இடையிடையே காண்கிறேன். சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு குடியானவரின் மகன், வீட்டிலிருந்த பிரஷ் கட்டர் என்னும் களைவெட்டும் கருவியின் எஞ்சினைக் கழற்றி, சைக்கிளின் பின்சக்கரத்திற்குமேல் அமைத்து, எனக்கு ஓட்டிக் காட்டினார். வேலைப்பாடு மெச்சத்தக்கதாகவே இருந்தது. வண்டியோ, நிறுத்தவேண்டிய இடத்தில் நில்லாமல் களத்தைக் கடந்து வைக்கோற்போரில் முட்டி நின்றது. பிள்ளைக்குக் காயமில்லை. அதுவே பெரிய சாலையில் நிகழ்ந்திருப்பின், எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்திருக்கக்கூடும்.

இத்தகைய முயற்சிகளை ஏளனம் செய்வது தகாது. யுத்தம் முடிந்த மறு வருஷமாகிய 1946-ல், ஜப்பானில் ஹமமாட்சு நகரில், சோயிசிரோ ஹோண்டா என்பவர் இதே காரியத்தைத்தான் செய்தார். இராணுவக் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் பொருட்டுச் செய்யப்பட்டு எஞ்சிக் கிடந்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் பூட்டி விற்றார். அவை தீர்ந்தபின் 1947-ல் தாமே ஓர் எஞ்சினைச் செய்தார். ஆனால் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. 1949-ல் எஞ்சினையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் தம் தொழிற்சாலையிலேயே செய்து, முழு மோட்டார் சைக்கிளாக வெளியிட்டார். நம் தமிழ்நாட்டில் ஓசூரில் 1980-ல் உற்பத்தியான டி.வி.எஸ். 50 வண்டியும், மிதிகட்டை உடையதாயினும், எஞ்சினுக்கு ஏற்பவே சட்டமும் பிரேக்கும் அமைந்ததாகும். நம்மவர்களோ எஞ்சினைப் பூட்டியதுடன் வேலை முடிந்ததென்று எண்ணுகிறார்கள். பிழை இங்கேதான் இருக்கிறது.

சாதாரணச் சைக்கிள், மணிக்கு 12 அல்லது 15 கிலோமீட்டர் வேகத்தில் மனிதன் மிதித்துச் செல்வதற்கென்று ஏற்பட்டது. வேகம் இரட்டித்தால், வண்டியை நிறுத்த பிரேக் செய்யவேண்டிய வேலை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கு வேகமாயின் ஒன்பது மடங்காகும். ரிம்மின்மேல் உராயும் இரண்டு ரப்பர்க் கட்டைகள் மழையில் நனைந்திருக்கும்போது, பின்னால் ஒரு புல்லுக்கட்டும் இருந்தால், என்ன நேரும் என்பதைக் குடியானவர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இச்சிறு எஞ்சின்கள் நிமிஷத்திற்கு 7,000 சுற்று வரையிலும் சுழல்வன. 28 அங்குலச் சைக்கிள் சக்கரமோ, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்திற்குச் சுமார் 190 சுற்றே சுற்றும். ஆகவே ஏறக்குறைய 37 சுற்றை ஒரு சுற்றாகக் குறைத்தல் வேண்டும். பல்சக்கரங்களின் கணக்கை முன்கூட்டிப் போடாமல் கைக்குக் கிடைத்ததைப் பூட்டினால், வண்டி ஏற்றத்தில் இழுக்காது. அல்லது சமதரையில் கட்டுக்கடங்காது.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, நான்கு சக்கரங்களுக்குக் குறைவாகவும் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினுடனும் உள்ள வண்டி மோட்டார் வாகனமாகாது. கடைகளில் விற்கும் பிரஷ் கட்டர்களில் பல 43 அல்லது 52 சி.சி. உடையவை. அவற்றைப் பூட்டிய கணமே அச்சைக்கிள் மோட்டார் வாகனமாகிறது. பதிவும் இன்ஷ்யூரன்ஸும் இன்றிப் பொதுச்சாலையில் ஓட்டலாகாது. வீட்டில் கட்டிய வண்டிக்கு இவை கிடைப்பது அரிது. அவ்வண்டி மோதி ஒருவர் ஊனமுற்றால், நஷ்டஈட்டைக் கொடுக்க இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வராது. அது வண்டிக்காரர் தலையில்தான் விழும். பையனின் ஓர் ஆசைக்காகக் காணி நிலத்தை விற்கும் நிலை எக்குடும்பத்திற்கும் வரலாகாது. எஞ்சின் 25 சி.சி.க்கு உட்பட்டதாயினும், கவனக்குறைவால் நேர்ந்த சேதத்திற்குப் பொறுப்பு நீங்கிவிடாது.

பேட்டரியால் துணைபெறும் மிதிசைக்கிளுக்கும் இவ்வாறே விதிவிலக்கு உண்டு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். வேகம் 25 கிலோமீட்டரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ அதன் உதவி நின்றுவிட வேண்டும். அவ்விதியே தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான்களும் வேண்டும் என்று கூறுவதைக் குடியானவர்கள் கவனிக்கவேண்டும்.

ஆகவே என் யோசனை இது. முதலில் இரு சக்கரங்களுக்கும் நல்ல பிரேக், பழுதற்ற போர்க்கு, இறுகிய ஆரக்கம்பிகள் ஆகியவற்றை அமைத்து, எஞ்சின் இன்றியே சுமையுடன் ஓட்டிப் பார்க்கட்டும். கைப்பிடியை விட்டவுடன் எஞ்சின் தணிகிறதா என்றும், அதை உடனே அணைக்கும் ஸ்விட்சு கைக்கு எட்டுகிறதா என்றும் பார்த்தபின் சாலையை நினைக்கலாம். பால்கேனும் தீவனமும் ஏற்றவேண்டியவர்கள் பதிவுள்ள பழைய மோபெட்டை வாங்குவதே சிக்கனம். களையெடுக்கும் பருவத்தில் கருவி சைக்கிளில் பூட்டிக் கிடந்தால் பயிருக்கே நஷ்டம். மானியத்தில் பெற்ற கருவியைக் கழற்றுவதோ முறையுமன்று.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இப்பிள்ளைகளைக் கண்டவுடன் தண்டனையைச் சொல்லி விரட்டாமல், வண்டியை நிறுத்திக் காட்டும்படி கேட்பார்களாக. நிறுத்தத் தெரிந்தவனுக்கு மற்றதைக் கற்பிப்பது எளிது. கைத்திறமை உள்ள பிள்ளைகள் நாளைக்கு நம் பம்புசெட்டுகளையும் உழவு யந்திரங்களையும் பழுதுபார்க்க வேண்டியவர்கள். அவர்கள் கைகால் பழுதின்றி இருத்தல் அவர்களுடைய பெற்றோர்க்கு மட்டுமன்றி ஊருக்கே தேவை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.