எல்லாம் ஒரே கிருமி அல்ல

இலையில் புள்ளி விழுந்தாலும், காய் அழுகினாலும், வாழை வாடினாலும் கம்பம் பள்ளத்தாக்கில் கிடைக்கிற யோசனை ஒன்றுதான்: “கிருமி விழுந்திருக்கு, மருந்து அடிங்க.” கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் ஒரே இனம், எல்லாமே பகை, ஒரே மருந்தில் ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை கூடலூரிலிருந்து போடி வரை பரவிக் கிடக்கிறது. விவசாயியின் பணத்தையும் மண்ணின் உயிரையும் ஒருசேரத் தின்கிற நம்பிக்கை இது.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பாருங்கள். சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் இரண்டும் அந்தக் கொடியைத் தாக்குகின்றன. சாம்பல் நோயை உண்டாக்குவது பூஞ்சை. இலையின் மேல் மாவு தூவியதுபோல் படரும். தேய்த்தால் விரலோடு வரும். அடிச்சாம்பல் நோயில் இலையின் மேற்பக்கம் எண்ணெய் பட்டாற்போல மஞ்சள் திட்டு, அதற்கு நேர் அடியில் வெள்ளைப் படலம். இதை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா, பூஞ்சையே அல்ல. பழுப்புக் கடற்பாசிக்கும் டயாட்டம் என்ற நுண்பாசிக்கும் உறவான ஊமைசீட்ஸ் வகை உயிர் அது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும். இதன் சுவரிலோ, தாவரத்தில் உள்ளதுபோல செல்லுலோஸ். இலை நனைந்திருந்தால் இதன் வித்துகள் நீந்திப்போய் இலைத்துளை வழியே உள்ளே நுழையும். போடி வியாபாரிகளின் கைக்கு வரும் ஏலக்காயை மலையிலேயே அழிக்கும் அழுகல் நோயின் பைட்டோப்தோராவும் இதே கூட்டம்தான்.

வகைப்பாடு ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி, பூஞ்சையின் செல்லில் உள்ள டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு செல் பிரிவதைத் தடுக்கிறது. ஊமைசீட்ஸின் டியூபுலினிடம் அதன் வேலை பலிப்பதில்லை. அடிச்சாம்பலுக்கு அதை அடித்தால் கைக்காசும் கூலியும்தான் போகும். அடிச்சாம்பலைத் தடுக்கும் மெட்டலாக்சிலோ சாம்பல் நோயை ஒன்றும் செய்யாது.

வாழையிலும் இதே கதைதான். வாடல் நோய்க்குக் காரணம் பியூசேரியம் என்ற பூஞ்சை. தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். கிழங்கு அழுகி, நாற்றமடித்து, மரம் அடியோடு ஒடிந்து சாய்ந்தால் அது பாக்டீரியாவின் வேலை. பாக்டீரியாவைக் கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியால் அடக்க முடியாது.

‘எல்லாமே பகை’ என்பது இதைவிடப் பெரிய பிழை. வாடல் பூஞ்சையை மண்ணிலேயே மடக்குகிற டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். வேரைக் காக்க நாம் காசு கொடுத்து வாங்கும் சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா. திராட்சை, வாழை, ஏலம் மூன்றின் வேருக்கும் மணிச்சத்தை எடுத்துக் கொடுப்பது வேர்ப்பூஞ்சை. முல்லைப் பெரியாறு தண்ணீரில் விளையும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலுக்கு ஏற்ற அசோலா ஒரு பெரணி. அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியாதான் காற்றின் நைட்ரஜனை உரமாக்குகிறது. கார்பென்டாசிம் ஊற்றிய மண்ணில் டிரைக்கோடெர்மாவும் சேர்ந்தே சாகும். காவலாளியைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடுகிற வேலை இது.

“போர்டோ கலவை எல்லாவற்றையும் தடுக்கிறதே?” என்று கேட்பார்கள். பெருமளவு உண்மைதான். 1885இல் பிரான்சில் தாவரவியலாளர் மில்லார்டே அதை அறிவித்ததே திராட்சையின் அடிச்சாம்பலுக்காகத்தான். ஆனால் அது நோய் நுழையுமுன் போடும் வேலி, நுழைந்தபின் குணப்படுத்தாது. மேலும், அந்தக் கலவையோடு அடிக்கிற தாமிரம் எங்கும் போவதில்லை. ஆண்டுக்காண்டு மண்ணிலேயே சேரும். “விவசாயி நுண்ணோக்கியோடா திரிய முடியும்?” என்றும் கேட்பார்கள். தேவையில்லை. இலையைத் திருப்பிப் பார்ப்பதற்கும், தண்டை வெட்டிப் பார்ப்பதற்கும், மோந்து பார்ப்பதற்கும் கருவி எதற்கு?

1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். உருளைக்கிழங்கை அழித்ததும் ஒரு பைட்டோப்தோராதான். அன்று அது என்ன உயிர் என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. விட்டேக்கர் 1969இல் சொன்ன ஐந்துலக வகைப்பாட்டைப் பதினோராம் வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வோடு மறக்கிறார்கள். அப்பன் தோட்டத்து இலையை அந்தப் பாடத்தோடு பொருத்திப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆசிரியர்களே, அந்தப் பாடத்தைத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடத்துங்கள். விவசாயிகளே, மருந்துக்கடைக்குப் போகுமுன் நோய்ப்பட்ட இலையோடும் கிழங்கோடும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்துக்கோ போங்கள். “என்ன மருந்து?” என்பது இரண்டாவது கேள்வி. “இது என்ன உயிர்?” என்பதை முதலில் கேளுங்கள்.