ராணிக்கு விற்ற கவரிங்

ரோமப் பேரரசன் கல்லியேனஸின் மனைவிக்கு ஒரு வியாபாரி கண்ணாடியை ரத்தினம் என்று தள்ளிவிட்டான். குட்டு உடைந்தது. சிங்கத்துக்குப் போடுங்கள் என்று உத்தரவு. அவன் நடுநடுங்கி நிற்க, கூண்டைத் திறந்தால் வெளியே வந்தது விதையடித்த சேவல்! ஏமாற்றியவன் ஏமாந்தான், கணக்கு தீர்ந்தது என்று விட்டுவிட்டாராம் அரசர். 3ஆம் நூற்றாண்டு அரசரைப் பற்றிய இந்தக் கதை வரும் நூல் புளுகுக்குப் பேர்போனது. ஆனால் ராணியின் கண்ணையே கட்டும் அளவுக்கு ரோமக் கண்ணாடி தேறியிருந்தது என்பதில் புளுகில்லை.

ரோம எழுத்தாளர் பிளினிக்கு இதில் சிரிப்பு வராது. போலிக் கல்லைப் போல லாபம் கொழிக்கும் மோசடி வேறில்லை என்று 'இயற்கை வரலாறு' நூலில் பொருமுகிறார். செய்முறையைச் சொல்லும் நூல்கள் உண்டு, பெயரைச் சொல்ல மாட்டேன் என்று ஒரு வீம்பு வேறு. சோதனைகளை மட்டும் தாராளமாகத் தருகிறார்: அசல் கல் வாயில் போட்டால் சில்லென்றிருக்கும், கையில் கனக்கும், கண்ணாடி என்றால் உள்ளே குமிழி தெரியும். இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரில் கல்லாக்குகிறார்கள் என்று நமக்கும் ஒரு குத்து. கொங்கு நாட்டுப் படியூர்ப் பக்கம் அசல் பெரிலே கிடைத்ததே, ஐயா! போகட்டும். ரோமப் பேரரசிலிருந்து முசிறித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் இறக்கிய சரக்கில் கச்சாக் கண்ணாடியும் உண்டு.

எனக்கு அந்தப் போலிகள்மேல்தான் ஆசை, அதிலும் தங்கக் கண்ணாடி மணிமேல். மெல்லிய கண்ணாடிக் குழாய்மேல் தங்க ரேக்கைச் சுற்றி, அதற்கும் மேலே இன்னொரு கண்ணாடிக் குழாயைப் போர்த்துவார்கள். சூடு ஆறுமுன் இடைவெளி விட்டு நெரித்தால் வரிசையாகக் குண்டுமணிகள் புடைத்து வரும். வெட்டிக் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் கவரிங்கில் தங்கம் வெளியே இருப்பதால் வியர்வை பட்டு வெளுக்கிறது. இதில் தங்கம் உள்ளே பத்திரம். ஜப்பானில் கியோட்டோ அருகே 5ஆம் நூற்றாண்டுச் சமாதி மேடு ஒன்றில் இப்படிச் செய்த ரோம மணிகள் கிடைத்தன. குறுக்களவு வெறும் 5 மி.மீ.!

கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது, கப்பலோடு உதவப் போன பிளினி கடற்கரையிலேயே இறந்தார். அதே வெடிப்பில் பாம்பேயின் ஒரு வீட்டில் புதைந்த மரப்பெட்டி 2019இல் வெளியே வந்தது. மரம் மக்கி, வெண்கலக் கீல்கள் மட்டும் மிச்சம். உள்ளே கண்ணாடி மணிகள், அம்பர், செவ்வந்திக்கல், எலும்புத் தாயத்துகள், எகிப்திய வண்டு உருவங்கள், முகம் பார்க்கும் கண்ணாடிகள். தங்கம் குன்றிமணி அளவுகூட இல்லை. வீட்டு வேலைக்காரியோ அடிமைப் பெண்ணோ வைத்திருந்ததாக இருக்கலாம் என்பது அகழாய்வாளர்களின் ஊகம். அசல் செவ்வந்திக்கல்லையும் கண்ணாடியையும் அவள் ஒரே பெட்டியில்தான் போட்டு வைத்திருந்தாள். வாயில் போட்டுப் பார்த்துப் பிரித்து வைக்க அவளுக்கென்ன தலையெழுத்தா?