முகம் எங்கே?



சென்ற கிழமை பேட்டையில் பொதுக்கூட்டம். கூட்டம் தொடங்குமுன் படிப்பகத்தில் சற்றே அமர்ந்தேன். ஓவியத்தில் ஆர்வமுடைய இளைஞர் ஒருவர், நூலொன்றில் கண்ட படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொணர்ந்து மேசைமீது விரித்தார். வைக்கோல் வாரும் கோலை ஏந்தி நிற்கிறாள் ஒரு பெண். பின்னே பட்டை பட்டையாய் வண்ணம், அதுதான் வயல்! கை உண்டு, கால் உண்டு. முகமோ? முட்டை வடிவில் ஒரு வெறுமை. கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை.

சிரித்தனர் நம் தோழர்கள். "முகம் எங்கே? வண்ணம் தீர்ந்துவிட்டதோ?" என்றார் ஒருவர். மறைப்பானேன், நானும் சிரித்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டவன்; ஓவியத்தின் இலக்கணம் கற்றவனல்லன்.

திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த மூதாட்டி எட்டிப் பார்த்தார். இளமையில் பொருநைக் கரை வயல்களில் நடவு நட்டவர். "என்னல சிரிக்கிய? நடவுல நிக்கவளுக்கு முதுகுதான் தெரியும். மூஞ்சிய எவன் பாத்தான்?" என்றார். சொல்லிவிட்டுத் தட்டிலே குனிந்துகொண்டார்.

அன்றிரவு ஒரு மணி நேரம் முழங்கினேன் நான். அந்த ஒரு வரியின் கனம் அதற்கு இல்லை!

அந்தப் படத்தைத் தீட்டியவர் காசிமிர் மாலேவிச். 1879-இல் கீவ் நகரிலே பிறந்தவர். தந்தை சர்க்கரை ஆலைகளில் பணியாற்றியவர். ஆகவே பிள்ளைப் பருவம் உக்ரைன் நாட்டுச் சிற்றூர்களில், உழவர் நடுவே கழிந்தது. 1915-இல் வெண்மையின் நடுவே ஒரு கருஞ்சதுரத்தைத் தீட்டி வைத்து, இதுவும் ஓவியமே என்று உலகைத் திகைக்க வைத்தவர். உருவத்தையே துறந்த அந்த மனிதர், 1920களின் இறுதியில் உழவரிடம் திரும்பி வந்தார்.

எத்தகைய காலம் அது! கூட்டுப்பண்ணைக்கென உழவர் நிலம் பறிக்கப்பட்ட காலம். 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் பல இலட்சம் பேர் மாண்டனர். மாண்டவர் வீட்டில் ஒப்பாரி; ஆட்சியின் சுவரொட்டியிலோ பல் தெரியச் சிரிக்கும் உழவர் மகள்! முகங்கள் பொய் சொல்லப் பழக்கப்பட்ட நாட்டில், முகமே இல்லாத உழவரை வரிசையாகத் தீட்டினார் மாலேவிச். 1930-இல் அவரைக் கைது செய்து விசாரித்தது அரசு. 1935-இல் மறைந்தார். அதன்பின் அவருடைய படைப்புகள் அந்நாட்டில் நெடுங்காலம் கிடங்குகளில் முடங்கிக் கிடந்தன.

அந்நாட்டுச் சுவரொட்டியைப் பழிக்கும் நாம், நம் மாநாட்டுத் தட்டிகளைப் பார்த்ததுண்டா? கன்னம் சிவந்த உழவன், முறுக்கிய மீசை, தலையில் கதிர்க்கட்டு. அது பூக்கூடையோ என ஐயுறும் அளவுக்கு அவன் கழுத்திலே வலியே இல்லை! என் நாடகங்களிலும் அத்தகையோர் உண்டு. பூசிய பொடி வியர்வையில் கரையாத உழவர்கள்!

"மேனாட்டுச் சரக்கு நமக்கெதற்கு?" என்பீரோ? பொருநையைத் தொடர்ந்து கிழக்கே போங்கள், ஆதிச்சநல்லூர் வரும். அங்கே 2004-05 அகழாய்வில் கிடைத்த பானை ஓடொன்றில் மண்ணை ஒட்டி ஒரு காட்சி அமைத்திருக்கிறான் பழந்தமிழ்க் குயவன். நெடிதுயர்ந்த மெல்லிய பெண், அருகே நெற்பயிர், கொக்கு, மான். அளவெடுத்த அங்கமல்ல அவள். ஆயினும் பெண்ணென அறியக் குழந்தைக்கும் நொடிப்பொழுது போதும். உருவைச் சுருக்கிக் காட்டும் கலையை எவரிடமும் கடன் வாங்கியவரல்லர் நாம்.

நம் காலத்தில், 1938-இல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம், கி. ராஜநாராயணனின் 'கரிசல்காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த கோடுகளை எண்ணுகிறேன். கரிசல் நிலம் வெடித்தது போன்ற கோடுகள்! ஆனால் பிற்காலத்தில் அவர் பெருந்திரைகளில் வண்ணத்தை மட்டுமே பரப்பியபோது, என்னைப் போன்ற பாமரனுக்கு ஒரு கேள்வி எழுகிறது. நிலம் இருக்கிறது ஐயா, உழுதவன் எங்கே? முகத்தை நீக்குவது வேறு, ஆளையே நீக்குவது வேறு. பின்னதைச் செல்வர் தம் கூடத்தில் கூச்சமின்றி மாட்டிக்கொள்ளலாம். அங்கே அவரைக் கூலி கேட்க ஆளில்லை. மாலேவிச்சின் பெண்ணோ கோலோடு நிற்கிறாள், வேலை முடியவில்லை என்று.

பேட்டைத் தோழர்கள் அப்படத்தைச் சட்டமிட்டுப் படிப்பகத்தில் மாட்டப் போகிறார்களாம். மாட்டட்டும். ஆணி அடிக்குமுன் அந்தத் திண்ணைப் பாட்டியை அழைத்து, எந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.